பதிலுக்கு யார் காத்திருக்காங்க? போனையும் டாஸ்க்கையும் வச்சு ஒரு மொழி கத்துக்கிறது பத்தி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

[00:00] 189 மார்க்கும் ஒரு கடிதமும்

இன்னிக்கு எபிசோடை என்னோட ஒரு அவமானக் கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை.

2014 மே மாசம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். எனக்குப் பிரெஞ்சில் 200க்கு 189. புதுச்சேரியில் படிச்சவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய சாதனை இல்லைன்னு தெரியும். "பிரெஞ்சு எடு, மார்க் அள்ளலாம்"னு வீட்டில், டியூஷனில், பஸ் ஸ்டாப்பில்கூட சொல்வாங்க. நானும் எடுத்தேன், மார்க்கும் வந்தது.

எங்க வீடு முத்தியால்பேட்டை. நாலு வீடு தள்ளி ஒரு தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இவங்களை எங்க ஊரில் 'சொல்தா'ன்னு சொல்வோம். வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன பின்னணி. புதுச்சேரி நிர்வாகம் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியா கைக்கு வந்துடுச்சு. ஆனா சட்டப்படியான இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். அப்போ, வேணும்னா பிரெஞ்சுக் குடியுரிமையையே வச்சுக்கலாம்னு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அப்படி வச்சுக்கிட்ட குடும்பங்களில் ஒண்ணு தாத்தாவோடது.

அவருக்குப் பிரான்ஸில் இருந்து வருஷா வருஷம் ஒரு கடிதம் வரும். 'செர்த்திஃபிக்கா து வீ', அதாவது ஆள் உயிரோடதான் இருக்கார்னு சொல்ற சான்றிதழ். அதை நிரப்பி, கையெழுத்து வாங்கி, தேதிக்குள்ள திருப்பி அனுப்பணும். இல்லைன்னா பென்ஷன் நின்னுடும். அந்த வருஷம் தாத்தாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை முத்திப்போய், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார். எழுத்து எதுவும் தெரியலை. வீட்டில் வேற யாருக்கும் பிரெஞ்சு வராது.

"ஏம்மா, நீ பிரெஞ்சுல நல்ல மார்க்காமே? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்"னு கூப்பிட்டார்.

போனேன். கடிதத்தைப் பிரிச்சேன். எனக்கு அதில் எந்த வரியும் புரியலை. வினைச்சொல் வாய்பாடு எல்லாம் தலைகீழா ஒப்பிப்பேன். ஆனா இந்தக் கடிதம் என்ன கேக்குதுன்னு கேட்டா பதில் இல்லை. சரி, சத்தமா வாசிச்சாவது காட்டுவோம்னு முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டி "வெயில்லெஸ்"னு வாசிச்சேன். தாத்தா ரெண்டு நிமிஷம் யோசிச்சார். "வெயிலா? வெயிலைப் பத்தி ஏன் எழுதுறான்?"னு கேட்டார். அப்புறம் அவருக்கே பிடிபட்டு, ஒரே சிரிப்பு. "வெயே, வெயே. தயவுசெய்துன்னு அர்த்தம்மா."

பத்து வருஷமா நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறது அதுக்கப்புறம் நடந்த ஒரு மணி நேரத்தைத்தான். இன்னிக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

[04:10] ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது?

நிலைமையைக் கொஞ்சம் கவனிங்க. தாத்தாவுக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. கடிதத்தில் இருந்து மூணு விஷயம் எடுத்தாகணும். கடைசித் தேதி எது? எதோட நகலை இணைக்கணும்? யார் கையெழுத்துப் போடணும்?

நான் ஒரு வரி வாசிப்பேன். அவருக்குப் புரியலைன்னா "அந்த வார்த்தை எப்படி முடியுது?"ன்னு கேப்பார். நான் எழுத்தைச் சொல்லுவேன். அவர் சரியா உச்சரிச்சுக் காட்டுவார். நான் திருப்பிச் சொல்லுவேன். "ஆங், இப்போ புரியுது. 'அவான்'னா 'முன்னாடி'. அதுக்கப்புறம் ஒரு தேதி இருக்கா பாரு." பார்த்தா, இருந்தது.

இப்படியே மூணு பதிலையும் கண்டுபிடிச்சோம். அன்னிக்கு நான் கத்துக்கிட்ட பதினஞ்சு இருபது வார்த்தை இன்னும் மறக்கலை. பரீட்சைக்குப் படிச்ச நூத்துக்கணக்கான வார்த்தைகளில் எத்தனை மிச்சம் இருக்குன்னு கேக்காதீங்க.

நான் புத்திசாலி ஆயிட்டேன்னு சொல்ல வரலை. அன்னிக்கு மொழி எனக்குப் பாடமா இல்லை, ஒரு வேலையை முடிக்கிற கருவியா இருந்தது. என் பதிலுக்காக எதிரில் ஒருத்தர் காத்துக்கிட்டு இருந்தார். தப்பாச் சொன்னா அவர் பென்ஷன் போயிடும். இந்த மாதிரி நிலைமையை வகுப்பில் வேணும்னே உருவாக்கிப் பாடம் நடத்த முடியுமா? முடியும்னு நம்ம பக்கத்திலேயே ஒருத்தர் செஞ்சு காட்டியிருக்கார்.

[06:45] பெங்களூர் புராஜெக்ட்

அவர் பேர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். 1979ல் இருந்து 1984 வரைக்கும் தென்னிந்தியாவில் சில சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு பரிசோதனை நடத்தினார். உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் அதை 'பெங்களூர் புராஜெக்ட்'னு சொல்றாங்க. பெங்களூர் மட்டும் இல்லை, சென்னைப் பள்ளிகளும் அதில் இருந்தது. இன்னிக்கு 'டாஸ்க் அடிப்படையிலான மொழிக் கல்வி'ன்னு ஒரு துறையே இருக்கு. அந்தத் துறையில் எந்தப் பாடப்புத்தகத்தை எடுத்தாலும் ஆரம்ப அத்தியாயங்களில் இந்தப் புராஜெக்ட் வரும்.

அந்தக் காலத்தில் இங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த முறை என்னன்னா, வாக்கிய அமைப்புகளை வரிசை போட்டு வச்சுக்கிட்டு ஒண்ணு ஒண்ணா ஒப்பிக்க வைக்கிறது. பிரபுவுக்கு அதில் ஒரு சந்தேகம். ஒரு பிள்ளையோட கவனம் முழுக்க அர்த்தத்தில் இருக்கும்போதுதான் இலக்கணம் அதுக்குத் தெரியாமலே உள்ளே போகும்னு நினைச்சார். அதனால இலக்கணத்தை வரிசை போட்டு நடத்துறதையே விட்டுட்டார். பதிலா டாஸ்க் கொடுத்தார். ரயில் டைம்டேபிள், காலண்டர், மேப், விலைக் கணக்கு, தந்தி, இப்படி.

ஒரு உதாரணம் நானே சொல்றேன். போர்டில் ஒரு ரயில் டைம்டேபிள். கேள்வி: "ஒருத்தர் மதியம் 2 மணிக்குள்ள சென்னையில் இருக்கணும், காலை 7 மணிக்கு முன்னாடி வீட்டில் இருந்து கிளம்ப முடியாது. எந்த ரயில்?" இந்தக் கேள்வியில் எந்த இடத்திலும் இலக்கணம் கேக்கலை. ஆனா பதில் கண்டுபிடிக்க இங்கிலீஷைப் படிச்சுப் புரிஞ்சே ஆகணும்.

முறை இதுதான். முதலில் ஆசிரியர் இதே மாதிரி ஒரு டாஸ்க்கை மொத்த வகுப்போட சேர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு, வெளிப்படையாச் செஞ்சு காட்டுவார். அப்புறம் கிட்டத்தட்ட அதே டாஸ்க்கைப் பிள்ளைங்க தனித்தனியாச் செய்வாங்க. மார்க் விடைக்குத்தான், வாக்கியத்துக்கு இல்லை. வகுப்பில் பாதிப் பேராவது டாஸ்க்கில் பாதியாவது சரியாச் செஞ்சா, அது சரியான கடினத்தில் இருக்குன்னு ஒரு கணக்கு வச்சிருந்தார். ரொம்ப சுலபமும் இல்லை, ஓடிப்போற அளவுக்குக் கஷ்டமும் இல்லை.

பிரபு டாஸ்க்கை மூணு வகையாப் பிரிச்சார்.

முதல் வகை தகவல் இடைவெளி. ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது, அதைக் கடத்தணும். நானும் தாத்தாவும் இந்த வகை.

ரெண்டாவது தர்க்க இடைவெளி. தகவல் எல்லாம் முன்னாடியே இருக்கு, அதில் இருந்து நீங்களே யோசிச்சு ஒரு புது முடிவுக்கு வரணும். ரயில் டைம்டேபிள் இந்த வகை. பிரபுவுக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான்.

மூணாவது கருத்து இடைவெளி. சரி தப்புன்னு ஒரே விடை கிடையாது, உங்க அபிப்பிராயத்தைச் சொல்லிப் புரிய வைக்கணும்.

இந்தப் புராஜெக்டோட சாமான் பட்டியல் தெரியுமா? போர்டு, சாக்பீஸ், பேப்பர், பென்சில். அவ்வளவுதான். நம்ம ஊர் வகுப்பறையில் எது இருக்கோ அதை வச்சே நடத்தணும்னுதான் அப்படி. டெக்னாலஜி பத்திப் பேசும்போது இதை மனசில் வச்சுக்கோங்க.

[11:30] போன் இடைவெளியை அடைச்சிடுது

இப்போ 2014ஐ விட்டு இன்னிக்கு வருவோம். அதே கடிதம் இன்னிக்கு வந்தா நான் என்ன செய்வேன்? போன் கேமராவைக் காட்டுவேன், பத்து செகண்டில் தமிழில் வந்துடும். தாத்தாவோட பென்ஷன் பத்திரம். நான் ஒரு வார்த்தைகூடக் கத்துக்க மாட்டேன்.

இதில் எது சரின்னு கேட்டா, பென்ஷன்தான் முக்கியம், கேமராவைக் காட்டுங்கன்னுதான் சொல்வேன். ஒரு பெரியவரோட வாழ்வாதாரத்தை நம்ம ஹோம்வொர்க் ஆக்கக் கூடாது. ஆனா மொழி கத்துக்கணும்னு உக்கார்ற நேரத்தில் அதே கேமரா நமக்கு எதிரி. கத்துக்கிறது அந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் நடக்குது. போனோட முழு வேலையே இடைவெளியை இல்லாம ஆக்குறது.

இன்னொரு பக்கம் மொழி கத்துக்கொடுக்கிற ஆப். நானும் ஒரு ஆப்பில் 200 நாளுக்கு மேல விடாம பிரெஞ்சு தட்டினேன். தினமும் பாயின்ட், தினமும் கைதட்டல். கோடிட்ட இடத்தை நிரப்பு, ஜோடி சேர், வார்த்தைகளை வரிசைப்படுத்து. ஒரு நாள் ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சு அம்மா வழி கேட்டாங்க. நான் கையை நீட்டிக் காட்டிட்டு வந்துட்டேன். வாய் திறக்கலை. ஆப்பைத் திட்டலை, வார்த்தைகள் நிறைய அதில்தான் ஏறுச்சு. ஆனா அந்த 200 நாளில் நான் சொன்ன எந்தப் பதிலுக்கும் யாரும் காத்திருக்கலை. என் பழைய பிரெஞ்சுப் பரீட்சையே கலர் கலரா போனுக்குள்ள வந்திருந்தது.

அப்போ டெக்னாலஜி வேண்டாமான்னு கேட்டா, வேணும். இடைவெளியை அடைக்காம, இடைவெளியை உருவாக்குற மாதிரி அதைத் திருப்பணும்.

இதுக்கு ஒரு அழகான உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரம். 2009ல் ஜூலி சைக்ஸ், கிறிஸ் ஹோல்டன்னு ரெண்டு பேர், ஸ்பானிஷ் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்காக 'மென்டீரா'ன்னு ஒரு மொபைல் கேம் செஞ்சாங்க. ஸ்பானிஷில் 'பொய்'னு அர்த்தம். கதை ஒரு கொலை மர்மம். ஆனா வகுப்பில் உக்காந்தே விளையாடி முடிக்க முடியாது. லோஸ் கிரியேகோஸ்னு ஸ்பானிஷ் புழங்கும் நிஜமான ஒரு பழைய குடியிருப்புக்கு நடந்துபோய், அந்தந்த இடத்தில் நின்னு துப்புத் தேடணும். ஒவ்வொருத்தர் கையில் ஒவ்வொரு துப்பு. சேர்ந்து பேசினாத்தான் கொலைகாரன் யார்னு தெரியும். பிரபுவோட தகவல் இடைவெளியேதான், போனில் ஏத்தி ஊருக்குள்ள நடக்க விட்டிருக்காங்க.

இதைப் படிச்சதும் எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணு. இதுக்கு நம்ம புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? தெருப்பலகையே தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கு. தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேர் நேரா இருக்கு.

[16:20] 'து த்ருவா'வும் 'த்ருவாத்'தும்

நாங்க ஆறு பேர் சேர்ந்து சனிக்கிழமைக் குழு ஆரம்பிச்சோம். எல்லாரும் ஸ்கூலில் பிரெஞ்சு படிச்சு, எல்லாத்தையும் மறந்தவங்க. கூட ஒரு ரிட்டையர்டு பிரெஞ்சு டீச்சர். அவங்க ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

முதல் டாஸ்க்: ஒருத்தி பீச் ரோட்டில் காந்தி சிலைக்கிட்ட நிப்பா. இன்னொருத்தி வீட்டில் மேப்போட உக்காந்திருப்பா. எங்கே போகணும்னு வீட்டில் இருக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். போனில் பிரெஞ்சிலேயே வழி சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

முதல் வாரம் படு தோல்வி. ரெண்டே நிமிஷத்தில் லைவ் லொகேஷனைப் போட்டுட்டாங்க, நடுவில் தமிழும் பேசிட்டாங்க. டாஸ்க் முடிஞ்சது, பிரெஞ்சு நடக்கவே இல்லை. அப்போதான் ஒண்ணு புரிஞ்சது. டாஸ்க் வடிவமைக்கிறதுன்னா போனில் எதைச் சேர்க்கலாம்னு யோசிக்கிறதைவிட, எதை அணைச்சு வைக்கலாம்னு யோசிக்கிறதுதான். ரெண்டாவது வாரம் மூணு விதி: லொகேஷன் கிடையாது, போட்டோ கிடையாது, மாட்டிக்கிட்டா ஒரே ஒரு தடவை டீச்சருக்கு வாய்ஸ் நோட் போட்டுக் கேக்கலாம்.

போக வேண்டிய இடம் மிஷன் வீதி மாதா கோயில். பார்க்கைத் தாண்டி, வாய்க்காலைக் கடந்து நேரா போய் இடது பக்கம் திரும்பணும். வீட்டில் இருந்தவள் "து த்ருவா"ன்னா. 'நேரா'ன்னு அர்த்தம். நடந்தவள் காதில் விழுந்தது "த்ருவாத்". அது 'வலது'. கடைசியில் வர்ற ஒரு 'த்' தான் வித்தியாசம். அவ பாரதி பார்க்குக்கிட்ட வலது பக்கம் திரும்பி, கவர்னர் மாளிகைக்கு எதிரில் போய், சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் முன்னாடி நின்னுக்கிட்டு "கோயிலைக் காணோமே"ன்னு பிரெஞ்சில் கத்துறா. அவர் ஒரு மாதிரி பார்த்திருக்கார்.

இந்த 'த்' வித்தியாசத்தை ஸ்கூலில் எங்களுக்கு நடத்தியிருக்காங்க. பரீட்சையிலும் எழுதியிருக்கோம். ஆனா அன்னிக்கு வெயிலில் அரை கிலோமீட்டர் திரும்ப நடந்த பிறகு எங்க ஆறு பேரில் யாருக்கும் அது மறக்கலை.

ரெண்டாவது டாஸ்க், தர்க்க இடைவெளி. பிரான்ஸ் ரயில்வேயோட டிக்கெட் தளத்தைத் திறந்தோம். பிரவுசரில் தானா மொழிபெயர்க்கிற வசதியை அணைச்சாச்சு. பாரிஸில் இருந்து லியோனுக்கு மூணு பேர் போகணும். ஒருத்திக்கு மதியம் 12 மணிக்கு முன்னாடி அங்கே இருக்கணும், ஒருத்திக்குப் பெட்டி நிறைய, மொத்த பட்ஜெட் இவ்வளவு. எந்த டிக்கெட், ஏன்? பிரபு சாக்பீஸில் வரைஞ்ச டைம்டேபிள் இப்போ நிஜமா, அன்னியன்னிக்கு விலை மாறுற டைம்டேபிளாக் கையில் இருக்கு. டெக்னாலஜி உண்மையாவே புதுசா ஒண்ணு சேர்க்கிறது இந்த இடத்தில்தான். உலகத்தில் புழங்குற நிஜமான பக்கத்தை நேரா நம்ம முன்னாடி வைக்குது.

மூணாவது, கருத்து இடைவெளி. சாயந்திரம் பீச் ரோட்டை வண்டிகளுக்கு மூடுறாங்க இல்லையா, நாள் முழுக்க மூடலாமா? ஒருத்தி கடைக்காரி, ஒருத்தி வாக்கிங் போறவ, ஒருத்தி அங்கேயே வீடு இருக்கிறவ. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் மட்டும் வாதாடணும். வாய்ஸ் நோட்டில் ஒரு சௌகரியம் உண்டு. நேரில் பேசுற பயம் கம்மி, அனுப்புறதுக்கு முன்னாடி திரும்பச் சொல்லிப் பார்க்கலாம். என் முதல் வாய்ஸ் நோட் 40 செகண்ட். அதை எட்டு தடவை ரெக்கார்டு பண்ணினேன். அந்த எட்டு தடவையும் பயிற்சிதானே!

பிரெஞ்சு மட்டும் இல்லை, தமிழுக்கும் இது வேலை செய்யும். இங்கே தமிழ் கத்துக்கிற ஒரு பிரெஞ்சுத் தோழிக்கு நாங்க டாஸ்க் கொடுத்தோம். பெரிய மார்க்கெட்டில் 150 ரூபாயில் சாம்பாருக்கு வேணுங்கிற காய் வாங்கணும், பேரம் பேசுறதை ரெக்கார்டு பண்ணணும், கடைக்காரம்மாகிட்ட அனுமதி கேட்டுட்டு. "கால் கிலோ", "அரைக் கிலோ", "இன்னொரு கைப்பிடி போடுங்கக்கா" எல்லாம் ஒரே காலையில் வந்துடுச்சு.

[22:40] சாட்பாட் எங்கே பொருந்தும்?

நிறைய பேர் மெசேஜில் கேட்டது இது. ஏஐ சாட்பாட்கூடப் பேசியே கத்துக்கலாமே, ஆள் எதுக்கு?

ஜேன் வில்லிஸ்னு ஒரு மொழிக் கல்வி ஆசிரியர் 1996ல் டாஸ்க் வகுப்புக்கு ஒரு சட்டகம் கொடுத்தாங்க. டாஸ்க்குக்கு முன்னாடி தயாரிப்பு, நடுவில் டாஸ்க், கடைசியில் மொழியைக் கூர்ந்து பார்க்கிறது. மொழி விதியைக் கடைசியில் பார்க்கிறதுதான் முக்கியம். தேவைப்பட்ட பிறகு பார்த்தா மனசில் ஒட்டும்.

என் அனுபவத்தில் சாட்பாட் முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நல்ல துணை. முன்னாடி, "நீ டிக்கெட் கவுண்டர் ஆள், நான் பயணி, மெதுவாப் பேசு"ன்னு ஒத்திகை பார்க்கலாம். பத்து தடவை தப்புப் பண்ணினாலும் அதுக்குச் சலிக்காது, நமக்கும் வெக்கமா இருக்காது. பின்னாடி, நம்ம வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கி, எங்கே தப்புன்னு கேக்கலாம். அது சொல்றதிலும் சில சமயம் தப்பு இருக்கும், அதனால டீச்சர்கிட்ட ஒரு தடவை காட்டிடுவோம்.

நடுக் கட்டத்தில், அதாவது டாஸ்க்கில், மனுஷங்கதான் வேணும். சாட்பாட்டுக்கு உங்க பதில் தேவையே இல்லை. நீங்க வழி தப்பாச் சொன்னா அது வெயிலில் நடக்காது.

[25:15] எங்கே உதைக்கும்?

இது சர்வரோக நிவாரணி இல்லை. சில சிக்கல்களையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, பிரபுவே சொன்னது. அவர் தன் புராஜெக்டில் குழு வேலையைப் பெரிசா நம்பலை. அரைகுறையா மொழி தெரிஞ்சவங்க தங்களுக்குள்ளயே பேசிக்கிட்டா, ஒருத்தர் தப்பை ஒருத்தர் உறுதிப்படுத்திட்டே போவாங்கன்னு பயந்தார். எங்க குழுவிலும் நடந்தது. ஒரே தப்பான உச்சரிப்பை மூணு வாரம் ஆறு பேரும் ஒத்துமையாச் சொல்லிட்டு இருந்தோம். டீச்சர் வேணும்னு சொன்னது அதுக்குத்தான். அவங்க பாடம் நடத்துறதில்லை. நாங்க சொன்னதையே சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிட்டு, பேச்சைத் தொடர விட்டுடுவாங்க. பிரபுவோட வகுப்பிலும் திருத்தம் இப்படித்தான் நடந்தது.

ரெண்டு, மார்க். பெங்களூர் புராஜெக்டை பெரெட்டா, டேவிஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 1985ல் வெளியிட்டாங்க. பொதுவாப் பார்த்தா டாஸ்க் வகுப்புப் பிள்ளைங்க நல்லாவே செஞ்சிருந்தாங்க. ஆனா இலக்கண அமைப்பைக் கேக்கிற சோதனையில், பழைய முறையில் படிச்சவங்களுக்குத்தான் சாதகம். நாம எதைச் சோதிக்கிறோமோ அதுதான் வகுப்பில் நடக்கும். பிளஸ் டூ கேள்வித்தாள் மாறாம, ஒரு ஆசிரியரைப் போய் "டாஸ்க் நடத்துங்க"ன்னு சொல்றது நியாயம் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களைக் குறை சொல்லாம நான் இதைச் சொல்றது அதனாலதான். நான் மார்க் கேட்டேன், அவங்க மார்க் கொடுத்தாங்க.

மூணு, போன் எல்லார் கையிலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடயே வேலைக்குப் போயிடும், பொண்ணு கைக்கு வர்றது ராத்திரி ஒன்பதுக்கு மேலன்னு இருக்கிற வீடுகள் எங்க தெருவிலேயே உண்டு. டாஸ்க் கொடுக்கிறவங்க இதை யோசிக்கணும். நாலு பேருக்கு ஒரு போன் போதும்கிற மாதிரி டாஸ்க் செய்யலாம். சொல்லப்போனா ஒரே போன் இருந்தா இடைவெளி தானா வந்துடும். ஒருத்தி பார்ப்பா, மத்தவங்க கேப்பாங்க.

இதோட சேர்த்து ஒரு பரிசோதனை. சுகதா மித்ரா தெரியும் இல்லையா, 1999ல் டெல்லி கல்காஜியில் சுவரில் கம்ப்யூட்டர் பதிச்சு வச்சவர். அவரும் ரிது டாங்வாலும் காளிக்குப்பம்னு தமிழ் பேசுற ஒரு கிராமத்தில் நடத்தின ஆய்வை 2010ல் வெளியிட்டாங்க. 10ல் இருந்து 14 வயசுப் பிள்ளைங்க, கம்ப்யூட்டரில் உயிரியல் பாடம், அதுவும் இங்கிலீஷில். ஆசிரியர் இல்லை. பிள்ளைங்க தாங்களாவே ஓரளவுக்குத் தேறினாங்க. அப்புறம் பாடம் எதுவும் தெரியாத, பிள்ளைங்களுக்குப் பழக்கமான ஒருத்தரைக் கூட உக்கார வச்சாங்க. வேலை ஒண்ணுதான்: "அட, இது என்ன? எனக்கும் சொல்லேன்"னு கேக்கிறது. மதிப்பெண் இன்னும் ஏறுச்சு. இந்த ஆய்வு சின்னது, இதை வச்சுப் பெரிய முடிவு எடுக்காதீங்கன்னு எச்சரிக்கிறவங்களும் இருக்காங்க. எனக்கு இதில் பிடிச்சது, கம்ப்யூட்டர் அதேதான், கேக்கிறதுக்கு ஒரு ஆள் வந்ததும் என்ன மாறுதுங்கிறதுதான்.

[30:05] இந்த வார டாஸ்க்

எந்த மொழி ஆப்பையும், எந்த ஆன்லைன் வகுப்பையும் சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இதை முடிச்சா மொழியைத் தவிர வேற என்ன கையில் கிடைக்கும்? எனக்குத் தெரியாதது இன்னொருத்தருக்கோ, அவருக்குத் தெரியாதது எனக்கோ தெரிஞ்சிருக்கா? என் பதிலுக்கு யாராவது காத்திருக்காங்களா? மூணில் ஒண்ணுக்காவது 'ஆமா'ன்னு வந்தா நேரம் போடலாம்.

உங்களுக்கு இந்த வார டாஸ்க்: நீங்க கத்துக்கிற மொழி தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிங்க. உங்க தெருவில் ஒரு கடையை மனசில் நினைச்சுக்கிட்டு, ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டில் வழி சொல்லுங்க. கடைப் பேரைச் சொல்லக் கூடாது. அவங்க மேப்பில் தேடிக் கண்டுபிடிச்சு, பேரைத் திருப்பி அனுப்பணும். தப்பான கடை வந்தா, எந்த வார்த்தை காலை வாரிச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி தாத்தா கதையோட மிச்சம். அந்த வருஷம் கடிதம் தேதிக்குள்ள போய்ச் சேர்ந்தது, பென்ஷன் வந்தது. கண் ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சது. அடுத்த வருஷமும் கடிதம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு சரியாத் தெரியலம்மா, படி." படிச்சேன். அதுக்கடுத்த வருஷமும் படிச்சேன். 2017ன்னு நினைக்கிறேன், நான் கொஞ்சம் சீக்கிரமாப் போயிட்டேன். தாத்தா ஜன்னல் ஓரம் உக்காந்து பிரெஞ்சுப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். கண்ணாடிகூடப் போடலை. என்னைப் பார்த்ததும் பேப்பரை மடிச்சுப் பக்கத்தில் வச்சுட்டு, கடிதத்தை எடுத்து நீட்டினார்.

நான் ஒண்ணும் கேக்கலை. உக்காந்து, "வெயே"ன்னு ஆரம்பிச்சேன்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.